உப்பு வேலியைக் கடக்கும் மீன்

ஆறும் ஏரியும் ஒருபுறம், கடல் மறுபுறம் என்று நீர்நிலைகளை உப்பு இரண்டாகப் பிரித்து வைத்திருக்கிறது. மீன்களில் மிகப் பெரும்பாலானவை இவ்விரண்டில் ஒன்றுக்கு மட்டுமே உரியவை. விராலைக் கடலில் விட்டாலும் வஞ்சிரத்தை ஏரியில் விட்டாலும் அது பிழைக்காது. ஆகவே, நன்னீரில் வளரும் அயல்நாட்டு மீன் ஒன்றை ஓர் அணைக்கட்டில் விடும்போது, அது வெள்ளத்தோடு ஆற்றில் இறங்கினாலும் கழிமுகத்துக்கு அப்பால் செல்லாது, கடல் அதற்கு வேலியாக நிற்கும், அடுத்த ஆற்றுப் படுகை காப்பாற்றப்படும் என்ற எண்ணம் எளிதில் எழுகிறது. அந்த எண்ணம் எவ்வளவு பலவீனமானது என்பதைத் தமிழகத்தில் ஜிலேபிக் கெண்டை என்று அழைக்கப்படும் திலாப்பியா மீன்களின் வரலாறும் உடலியலும் சேர்ந்து காட்டுகின்றன. அவற்றுள் மொசாம்பிக் திலாப்பியா என்னும் இனமே உப்பைத் தாங்குவது குறித்து உலகில் மிக விரிவாக ஆராயப்பட்ட மீன்களில் ஒன்றாகவும், உலகின் மிக மோசமான 100 அயல் ஊடுருவல் உயிரினங்களின் பட்டியலில் இடம்பெற்றதாகவும் இருக்கிறது. இவ்விரண்டு பெருமைகளும் தொடர்பற்றவை அல்ல.

மீன் எதிர்கொள்ளும் சிக்கலை முதலில் தெளிவுபடுத்திக்கொள்வது நல்லது. ஒரு கிலோ கடல்நீரில் சுமார் 35 கிராம் உப்பு கரைந்திருக்கிறது. ஆற்று நீரிலோ உப்பு பெயரளவுக்கே உண்டு. எலும்புள்ள மீன்களின் இரத்தத்தில் கரைந்துள்ள பொருள்களின் செறிவு, கடல்நீரில் உள்ளதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. மெல்லிய சவ்வு ஒன்றின் இருபுறமும் செறிவு வேறுபட்டால், செறிவு குறைந்த பக்கத்திலிருந்து மிகுந்த பக்கத்துக்கு நீர் தானே கசிந்து செல்லும். சவ்வூடு பரவல் என்று பள்ளிப் பாடத்தில் படிப்பது இதைத்தான். மூச்சு விடுவதற்காகவே மிக மெல்லியதாக அமைந்த செவுள், இந்தக் கசிவுக்கும் வாசலாகிவிடுகிறது. நன்னீரில் வாழும் மீனின் உடலுக்குள் நீர் ஓயாமல் புகுந்துகொண்டும் உப்பு ஓயாமல் வெளியேறிக்கொண்டும் இருப்பதால், அது நீர்த்த சிறுநீரை மிகுதியாகக் கழித்து, இழந்த உப்பைச் செவுள் வழியாகச் சுற்றியுள்ள நீரிலிருந்து இழுத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. கடலில் வாழும் மீனுக்கு இதற்கு நேர் எதிரான நிலைமை: நீர் சூழ்ந்திருந்தும் அதன் உடல் வற்றிக்கொண்டே போகிறது, எனவே அது கடல்நீரைக் குடித்து, குடலின் வழியாக நீரை உறிஞ்சி, கூடவே உள்ளே வந்த மிகை உப்பைச் செவுள் வழியாக வெளியே தள்ளுகிறது.

கடல்மீன் கடல்நீரைக் குடிக்கிறது என்பதை ஹோமர் ஸ்மித் 1930இல் நிறுவினார். உப்பை வெளியேற்றும் வேலையைச் செவுளில் உள்ள தனிவகைச் செல்கள் செய்கின்றன என்று ஆன்செல் கீஸும் வில்மரும் 1932இல் விலாங்கு மீனைக் கொண்டு எடுத்துரைத்தனர். கொழுப்புணவுக்கும் இதயநோய்க்கும் உள்ள தொடர்பை ஆராய்ந்து பிற்காலத்தில் உலகப் புகழ் பெற்ற அதே கீஸ்தான் இவர். அயனிச் செல்கள் என்று இன்று வழங்கப்படும் இவற்றில், ஆற்றலை உண்டாக்கும் நுண்ணுறுப்புகளான மைட்டோகாண்டிரியாக்கள் நெருங்கி நிறைந்திருக்கின்றன. செறிவுச் சரிவுக்கு எதிராக உப்பை ஏற்றி இறக்குவது செலவு பிடிக்கும் வேலை என்பதற்கு அந்த நெருக்கமே சான்று.

ஒரே மீன் இரண்டு நீரிலும் வாழ வேண்டுமானால், ஒரே செவுள் உப்பை உள்ளிழுக்கும் உறுப்பாகவும் உப்பை வெளித்தள்ளும் உறுப்பாகவும் மாறி மாறி இயங்க வேண்டும். இந்த மாற்றம் எப்படி நிகழ்கிறது என்பதை மிக அருகிலிருந்து காட்டியவை மொசாம்பிக் திலாப்பியாவின் கருக்கள்மீது ஜப்பானிய ஆய்வாளர்கள் நடத்திய சோதனைகள். செவுள் இன்னும் உருவாகாத நிலையில் கருவின் உணவுப் பையைப் போர்த்தியிருக்கும் சவ்விலேயே அயனிச் செல்கள் பரவியிருப்பதால், மைட்டோகாண்டிரியாவில் ஒளிரும் சாயம் ஒன்றை ஏற்றி, உயிருள்ள கருவின் அதே செல்களை அடுத்தடுத்த நாள்களில் நுண்ணோக்கியில் பார்க்க முடிந்தது. நன்னீரில் இருந்தபோது தனித்தனியாகவும் சிறியனவாகவும் காணப்பட்ட செல்கள், கருவைக் கடல்நீருக்கு மாற்றிய பின் பருத்தன. துணைச் செல்களைப் பக்கத்தில் சேர்த்துக்கொண்டு கூட்டமைப்புகளாயின. பழைய செல்கள் இறந்து புதியவை பிறப்பதால் மட்டும் இந்த மாற்றம் ஏற்படுவதில்லை, இருக்கிற செல்லே தன் தொழிலை மாற்றிக்கொள்கிறது என்பது இதனால் கண்கூடாகியது.

அதன் பின்னர், செல்லின் எந்தப் பக்கத்தில் எந்தப் புரதம் அமைந்திருக்கிறது என்பதை நிறமூட்டிப் பார்த்து, 2005இல் ஜுன்யா ஹிரோய் உள்ளிட்ட குழுவினர் இச்செல்களை நான்கு வகைகளாகப் பிரித்தனர். அவற்றுள் இரண்டாம் வகை நன்னீருக்கு உரியது. சோடியத்தையும் குளோரைடையும் சேர்த்து உள்ளே இழுக்கும் புரதம் அதன் வெளிமுகத்தில் இருக்கிறது. நான்காம் வகை கடல்நீருக்கு உரியது. இரத்தத்தை நோக்கிய பக்கத்தில் உள்ள ஒரு புரதம் குளோரைடைச் செல்லுக்குள் கொண்டுவர, வெளிமுகத்தில் உள்ள மற்றொரு புரதம் அதனை நீருக்குள் விடுகிறது. சோடியமோ அடுத்தடுத்த செல்களுக்கு இடையேயுள்ள கசிவான இணைப்பு வழியாக வெளியேறுகிறது. குளோரைடை நீருக்குள் விடும் இந்தப் புரதம், மனிதர்களில் பழுதானால் நுரையீரலைப் பாதிக்கும் சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்னும் பரம்பரை நோயை உண்டாக்கும் அதே புரதமே. கருவை நன்னீரிலிருந்து கடல்நீருக்கு மாற்றினால் இரண்டாம் வகை மறைந்து நான்காம் வகை பெருகுகிறது. கடலிலிருந்து நன்னீருக்குத் திருப்பினால் இரண்டாம் வகை மீண்டும் தோன்றுகிறது.

செல்களுக்கு இந்தக் கட்டளையைத் தருபவை ஹார்மோன்கள். பாலூட்டிகளில் பால் சுரப்பைத் தூண்டுவதாக அறியப்பட்ட புரோலாக்டின், மீன்களில் நன்னீர் வாழ்க்கையின் ஹார்மோன். மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரிச் சுரப்பியை அகற்றிய கில்லி மீன் நன்னீரில் இறந்துபோவதையும், புரோலாக்டின் செலுத்தினால் அது பிழைத்துக்கொள்வதையும் கிரேஸ் பிக்ஃபோர்டும் பிலிப்ஸும் 1959இல் காட்டினர். திலாப்பியாவில் இந்த ஏற்பாடு இன்னும் நேரடியானது. அதன் புரோலாக்டின் செல்களே உப்பளவை உணரும் கருவிகளாக இருக்கின்றன: இரத்தத்தின் செறிவு சற்றே குறைந்தால் செல் நீரை ஏற்றுச் சிறிது வீங்குகிறது, வீக்கத்தால் அதன் சவ்விலுள்ள கால்சியம் வாயில்கள் திறக்கின்றன, கால்சியம் நுழைந்ததும் புரோலாக்டின் வெளிப்படுகிறது. சுரப்பியிலிருந்து பிரித்தெடுத்துக் கண்ணாடிக் கலத்தில் வைத்த செல்களும் இவ்வாறே நடந்துகொள்வதை ஹவாய்க் கடலுயிரியல் ஆய்வாளர்கள் பல்லாண்டுகளாகக் காட்டிவந்திருக்கிறார்கள். கடல்நீருக்குப் பழகும்போது கார்டிசாலும் வளர்ச்சி ஹார்மோனும் முன்னுக்கு வருகின்றன.

இவ்வளவு ஏற்பாடுகள் இருந்தும், நன்னீரில் வளர்ந்த மொசாம்பிக் திலாப்பியாவைத் தூக்கி நேராக முழுக் கடல்நீரில் போட்டால் அது பெரும்பாலும் சில மணி நேரத்தில் இறந்துவிடுகிறது. இடையில் ஓரிரு நாள் 20 முதல் 25 கிராம் உப்புள்ள நீரில் இருக்கவிட்டுப் பின்னர் கடல்நீருக்கு மாற்றினால் பிழைக்கிறது; படிப்படியாக ஏற்றிக்கொண்டே போனால் கிலோவுக்கு 120 கிராம், அதாவது கடலைப் போல மூன்று மடங்குக்கு மேல் உப்புள்ள நீரிலும் வாழ்கிறது. இதன் எல்லையை நிர்ணயிப்பது உப்பின் அளவு மட்டுமன்று, உப்பு ஏறும் வேகமும்கூட என்பதே இதிலிருந்து பெற வேண்டிய செய்தி. கழிமுகம் என்பது இயற்கையே அமைத்துவைத்த படிக்கட்டாகையால், ஆய்வகத் தொட்டியில் இறக்கும் மீன் கழிமுகத்தில் இறப்பதில்லை.

இத்தகைய உடல் திடீரென்று கிடைத்ததன்று. இந்த மீனின் தாயகம் ஆப்பிரிக்காவின் தென்கிழக்குக் கரையோர ஆறுகள். சாம்பெசியிலிருந்து தெற்கே தென்னாப்பிரிக்கக் கடற்கரை வரை அது இயல்பாக வாழ்கிறது. அங்குள்ள கழிமுகங்கள் பலவும் ஆண்டின் பெரும்பகுதி மணல்திட்டால் கடலிலிருந்து அடைபட்டுக் கிடப்பவை; மழைக் காலத்தில் நன்னீராகவும், வறட்சியில் ஆவியாகி ஆவியாகிக் கடும் உவர்நீராகவும் மாறுபவை. அப்பகுதியிலுள்ள செயின்ட் லூசியா ஏரியில் வறட்சிக் காலங்களில் உப்பளவு 100 கிராமைத் தாண்டியபோது மற்ற மீன்கள் விலகவும் அழியவும், எஞ்சி நின்றவற்றுள் இதுவும் ஒன்று. ஊடுருவும் மீன் புதிய நாட்டில் வெளிப்படுத்தும் திறமை, அது தன் சொந்த நாட்டில் எண்ணற்ற தலைமுறைகளாகக் கொடுத்த விலைக்குப் பெற்றது. நிலையான நீரில் வாழ்ந்த மீனைவிட, நிலையற்ற நீரில் வாழ்ந்த மீனே அயல்நாட்டில் அஞ்சத்தக்கது.

இங்கே ஒரு முரண் கவனிக்கத்தக்கது. ஆலன் விட்ஃபீல்டும் ஸ்டீபன் பிளேபரும் 1979இல் வெளியிட்ட ஆய்வில், அடைபட்ட கழிமுகங்களில் மலிந்திருக்கும் இந்த மீன், கடலோடு எப்போதும் திறந்திருக்கும் கழிமுகங்களில் அரிதாகவே இருப்பதை எடுத்துக்காட்டினர். உப்பு அதற்குத் தடையன்று. ஓதத்தின் நீரோட்டமும், கடலிலிருந்து வரும் இரைகொல்லி மீன்களும், போட்டியிடும் கடல்மீன்களுமே தடைகள் என்பது அவர்கள் தந்த விளக்கம். ஒரு மீனால் ஓர் இடத்தில் உயிர்வாழ முடியும் என்பதும், அது அங்கே நிலைபெறும் என்பதும் வேறு வேறு. உப்புத் தாங்கும் அளவை மட்டும் வைத்து ஊடுருவல் வரைபடம் வரைபவர்கள் இந்த வேறுபாட்டை மறக்கக்கூடாது. அதே வேளையில், உயிரினங்கள் குறைந்த பவளத் தீவுக் காயல்களிலும் மனிதனால் குலைக்கப்பட்ட கழிமுகங்களிலும் அந்தத் தடைகள் இல்லாமற்போவதையும் மறக்கக்கூடாது. பசிபிக்கில் உள்ள ஃபானிங் தீவின் கடல்நீர்க் காயலுக்குள் இந்த மீன் புகுந்து பெருகியதும், நௌரு தீவில் 1960களில் அறிமுகமாகி, அத்தீவு மக்கள் தலைமுறை தலைமுறையாகப் பேணிய பால்மீன் வளர்ப்பைச் சீர்குலைத்ததும் அத்தகைய நிகழ்வுகள்.

அதன் உலகப் பயணம் ஜாவாவில் தொடங்கியது. 1930களின் இறுதியில் அத்தீவின் தென்கரையில் ஓர் ஆற்று முகத்துவாரத்தில் முஜாயிர் என்பவர் இதைக் கண்டெடுத்து வளர்த்தார். இந்தோனேசியாவில் அம்மீன் இன்றும் அவர் பெயராலேயே வழங்குகிறது. அங்கிருந்து தென்கிழக்காசியா முழுவதும் பரவி, 1952இல் இலங்கையை அடைந்தது. அதே ஆண்டில் பாங்காக்கிலிருந்து மண்டபத்திலுள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்துக்கு வந்திறங்கியதன் மூலம் இந்தியாவுக்குள் நுழைந்தது. 1959இலேயே இந்திய மீன்வள ஆராய்ச்சிக் குழு இதைப் பரப்புவதற்குத் தடை விதித்தது என்றாலும், ஏழே ஆண்டுகளில் அது தடைக்குக் கட்டுப்படும் நிலையைக் கடந்துவிட்டிருந்தது. அமராவதி, வைகை உள்ளிட்ட தமிழக நீர்த்தேக்கங்களில் பிடிபடும் மீன்களில் அது முதன்மை பெற்றது. கூவம், அடையாறு போன்று கழிவும் ஓதநீரும் கலக்கும் சென்னை ஆறுகளிலும் அது தாக்குப்பிடிக்கிறது. இலங்கையின் நிலைமை வேறு என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும்: பராக்கிரம சமுத்திரம் போன்ற பழங்காலக் குளங்களில், ஆழமற்ற ஆறுகளுக்கே பழகிய உள்ளூர் மீன்கள் பெரிதாக நிரப்பாத இடத்தைத் திலாப்பியா நிரப்பி, அதற்கு முன் அங்கு பெயரளவுக்கே இருந்த உள்நாட்டு மீன்பிடித் தொழிலை வளர்த்தெடுத்தது. ஏழைகளுக்கு மலிவான புரதம் கிடைத்தது என்ற உண்மையை எந்தச் சூழலியல் கணக்கும் ஒதுக்கிவிட முடியாது.

தாங்கும் திறனுக்கும் எல்லை உண்டு. அதை வகுப்பதில் குளிருக்குப் பெரும் பங்கு இருக்கிறது. கலிபோர்னியாவின் சால்டன் கடல், கொலராடோ ஆறு 1905இல் கரையுடைத்துப் பாய்ந்ததால் பாலைவனத்தில் உண்டான உள்நாட்டு ஏரி. வெளியேற வழியற்று ஆவியாவதால் அதன் உப்பு ஆண்டுதோறும் ஏறி, 2000ஆம் ஆண்டளவில் கடலைவிட உப்பாக இருந்தது. விளையாட்டு மீன்பிடிப்புக்காக அதில் விடப்பட்ட கடல்மீன்கள் அதையடுத்த ஆண்டுகளில் மறைந்துபோக, மொசாம்பிக் திலாப்பியாவின் வழிவந்த கலப்பு மீன் எஞ்சி நின்றது. ஆய்வகத்தில் அதை 25 பாகை வெப்பத்தில் வைத்தால் 60 கிராமுக்கு மேற்பட்ட உப்பிலும் இரத்தச் செறிவு பெரிதும் பிறழவில்லை. 15 பாகைக்குக் குளிர்வித்தால் அதே உப்பு அதன் கட்டுப்பாட்டைக் குலைத்தது. உப்பை வெளியேற்றும் புரதங்கள் குளிரில் மந்தமாகிவிடுவதே காரணம். குளிர்காலம் என்று சொல்லத்தக்க ஒன்று இல்லாத தமிழகக் கடற்கரைக்கு இந்தப் பாதுகாப்பு கிடையாது.

இன்னோர் எல்லை இனப்பெருக்கத்தில் இருக்கிறது. கருங்கடல், காஸ்பியன் பகுதிகளைத் தாயகமாகக் கொண்ட வட்டக் கோபி என்னும் சிறுமீன், கப்பல்களின் அடித்தொட்டிகளில் நிலைப்புக்காக ஏற்றப்படும் நீரோடு பயணப்பட்டு, 1990இல் போலந்தின் கடற்கரையிலும் வட அமெரிக்கப் பேரேரிகளை இணைக்கும் செயின்ட் கிளேர் ஆற்றிலும் ஏறத்தாழ ஒரே காலத்தில் கண்டறியப்பட்டது. முற்றிலும் நன்னீரான பேரேரிகளிலும், உப்பு குறைந்த பால்டிக் கடலிலும் அது வெள்ளமாகப் பெருகியது. ஆனால் வளர்ந்த மீன் தாங்கும் உப்பைவிட அதன் விந்தணு தாங்கும் உப்பு குறைவு. விந்தணுவின் நீந்தும் வேகம், ஆண்மீன் வாழும் நீரின் உப்பளவைப் பொறுத்து மாறுபடுவதை பால்டிக் ஆய்வுகள் காட்டியுள்ளன. முழுக் கடலை நோக்கிய அதன் முன்னேற்றத்தைத் தடுக்கக்கூடியது செவுளன்று, நீருக்குள் வெறுமனே விடப்படும் இந்த நுண்ணிய செல்லே. திலாப்பியாவோ இந்தத் தடையையும் ஓரளவு தாண்டியிருக்கிறது. கடல்நீருக்குப் பழகிய ஆணின் விந்தணு, கால்சியம் அயனிகளின் துணையால் கடல்நீரிலும் நீந்துகிறது. கருவுற்ற முட்டைகளைத் தாய் வாயிலேயே வைத்து அடைகாக்கிறது. குஞ்சுகள் வெளியே வரும்போது அவற்றின் அயனிச் செல்கள் ஏற்கெனவே தொழிற்படத் தொடங்கியிருக்கின்றன.

இதுவரை சொன்னவை பெரும்பாலும் தனியொரு மீன் தன் வாழ்நாளுக்குள் செய்துகொள்ளும் மாற்றங்கள். உயிரியலார் இதை நெகிழ்தன்மை என்பர். மரபணு மாறி, தலைமுறைகளூடே நிகழும் தகவமைப்பு வேறொன்று. இரண்டையும் ஒன்றாக்கிப் பேசுவது இத்துறையில் அடிக்கடி நேரும் குழப்பம். நெகிழ்தன்மை மீனை முதல் நாளில் காப்பாற்றுகிறது, மரபு வேறுபாடு அதன் சந்ததியை அங்கே ஊன்றச் செய்கிறது. மொசாம்பிக் திலாப்பியாவையும் உப்பைக் குறைவாகத் தாங்கும் நைல் திலாப்பியாவையும் கலந்து பெற்ற இரண்டாம் தலைமுறையில், புரோலாக்டின் மரபணுவின் முன்னே திரும்பத் திரும்ப வரும் ஒரு சிறு டிஎன்ஏ தொடரின் நீளம், உப்புநீரில் அந்த மரபணு இயங்கும் அளவோடும் மீனின் வளர்ச்சியோடும் தொடர்புடையதாக இருப்பதை ஸ்ட்ரீல்மனும் கோச்சரும் 2002இல் கண்டனர். மரபணுவின் புரதம் மாறவில்லை, அதை இயக்கும் பகுதியே மாறியிருக்கிறது. இயற்கைத் தேர்வு பிடித்துக்கொள்ளக்கூடிய கைப்பிடி இத்தகைய இடங்களில் இருக்கிறது.

இந்தக் கலப்புதான் இனி மிகுந்த கவனத்துக்கு உரியது. பண்ணைகள் விரும்பும் வேகமான வளர்ச்சி நைல் திலாப்பியாவிடமும், உப்பைத் தாங்கும் திறன் மொசாம்பிக் திலாப்பியாவிடமும் இருப்பதால், இரண்டையும் சேர்த்து உவர்நீருக்கு ஏற்ற கலப்பினங்களைப் பிலிப்பைன்ஸ் உள்ளிட்ட நாடுகள் உருவாக்கியுள்ளன. பண்ணையில் மனிதன் திட்டமிட்டுச் செய்வது, தப்பிய மீன்களிடையே திட்டமின்றியும் நடக்கும். மொசாம்பிக் திலாப்பியாவின் தாயகத்திலேயே, அங்கு கொண்டுவரப்பட்ட நைல் திலாப்பியாவோடு அது கலந்து தூய இனம் அருகிவருவதால், உலகெங்கும் ஆக்கிரமிப்பாளனாக அறியப்பட்ட இந்த மீன் தன் சொந்த ஆறுகளில் அழிவாய்ப்புள்ள இனமாகப் பட்டியலிடப்பட்டிருப்பது வேதனைக்குரிய உண்மை.

உப்பு வேலியை நம்பியதன் விலையைத் தாய்லாந்து அண்மையில் கொடுத்திருக்கிறது. மேற்கு ஆப்பிரிக்கக் கழிமுகங்களுக்குரிய கருந்தாடைத் திலாப்பியா, செனகலின் சலூம் கழிமுகத்தில் 130 கிராம் உப்பிலும் காணப்படும் மீன். அது தாய்லாந்தின் கரையோர மாவட்டங்களின் கால்வாய்களிலும் இறால் குட்டைகளிலும் பரவி, 2024இல் தேசியச் சிக்கலாக வெடித்தது. பிடித்துத் தரும் ஒவ்வொரு கிலோவுக்கும் 15 பாட் என்று அரசே விலை கொடுக்க வேண்டியதாயிற்று. அதைத் தின்னும் கொடுவா மீன்களையும் கால்வாய்களில் விட்டார்கள். கரையோரக் கால்வாய்கள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும் நாட்டில், நன்னீரும் உவர்நீரும் கடல்நீரும் அந்த மீனுக்கு ஒரே தொடர்ந்த வாழிடமாக அமைந்தன.

காயல்களும் உப்பங்கழிகளும் இறால் பண்ணைகளும் அடுத்தடுத்து அமைந்த தமிழகக் கடற்கரையின் அமைப்பும் அதற்கு நெருங்கியதே. கிருஷ்ணகிரி மாவட்டத்துப் பரூரில் மரபுவழி மேம்படுத்தப்பட்ட நைல் திலாப்பியாக் குஞ்சுகள் அரசாலேயே உற்பத்தி செய்யப்படும் இக்காலத்தில், உள்நாட்டு நன்னீர்ப் பண்ணைகளுக்கென்று தரப்படும் அனுமதி, உவர்நீர்ப் பகுதிகளுக்கும் கலப்பினங்களுக்கும் சத்தமின்றி நீண்டுவிடாமல் பார்த்துக்கொள்வது மீன்வளத் துறையின் பொறுப்பு. அனுமதிக்கு முன் வளர்ந்த மீனின் தாங்குதிறனை மட்டும் சோதிப்பது போதாது. விந்தணு, முட்டை, குஞ்சு ஆகிய நிலைகளையும், உப்பைப் படிப்படியாக ஏற்றும் முறையிலும், இப்பகுதியின் வெப்பநிலையிலும் வைத்துச் சோதிக்க வேண்டும். உவர்நீருக்கு மீன் வேண்டுமென்றால் அயல்நாட்டைத் தேட வேண்டிய கட்டாயமும் இல்லை: தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்குமே உரியதும், திலாப்பியாவின் குடும்பத்தைச் சேர்ந்ததும், கேரளத்தவர் கரிமீன் என்று விரும்பி உண்பதுமான மீன் இருக்கிறது, பால்மீன் இருக்கிறது, சென்னையிலுள்ள மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனம் 1997இலேயே குஞ்சு பொரிக்கவைத்துக் காட்டிய கொடுவா இருக்கிறது. இவற்றைப் பெருக்கும் முயற்சிக்கே அரசின் பணமும் பண்ணையாளரின் குட்டையும் முதலில் ஒதுக்கப்பட வேண்டும்.